நானோ மருந்துன்னு சொல்றாங்களே, மூளைக்கும் கேன்சருக்கும் உண்மையிலேயே போய்ச் சேருதா?

சிப்புட்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல பிரச்சன, அதான் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுவீங்கன்னு இங்க கேக்கறேன். அம்மாவுக்கு பார்கின்சன்ஸ், மடோபார் மாத்திரைல இருக்காங்க. பெரியம்மாவுக்கு சினைப்பை கேன்சர் திரும்ப வந்துருச்சு, ஈப்போ டாக்டரு அடுத்த கீமோவுக்கு லைப்போசோமல் டாக்ஸோரூபிசின்னு எழுதிக் குடுத்து இது நானோ வகை மருந்து, இதயத்துக்குப் பாதிப்பு கம்மின்னு சொன்னாரு. இது இப்படி இருக்க போன வாரம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு மண்டபத்துல ஒருத்தரு கூட்டம் போட்டு நானோ சொட்டு மருந்துன்னு ஒரு பாட்டில் 380 வெள்ளின்னு வித்தாரு, நாக்குக்கு அடில நாலு சொட்டு விட்டா நேரா மூளைக்குப் போயிரும், பார்கின்சன்ஸ், ஸ்ட்ரோக், கேன்சர் எல்லாத்துக்கும் கேக்கும்னாரு. தோட்டத்துலேர்ந்து வந்த கெழவிங்கல்லாம் கடன் வாங்கி வாங்கிட்டுப் போனாங்க. அத்தை எங்க அம்மாவுக்குன்னு ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்துட்டாங்க. டாக்டர் சொன்னதும் இதுவும் ஒரே விஷயமா? அப்படி ஒண்ணு இருந்தா ஏன் டாக்டரு அம்மாவுக்கும் நானோ குடுக்கல?

லிந்தாங்_ராஜா:
என் மச்சான் அந்த சொட்டுதான் எடுக்கறாரு தங்கச்சி, ஒடம்பு லேசா இருக்குங்கறாரு, ராத்திரி நல்லா தூங்கறாராம். ஆஸ்பத்திரி மருந்து மட்டும்தான் மருந்துன்னு இல்ல. கோவிட் ஊசி கூட நானோன்னுதானே சொன்னாங்க, அத எல்லாரும் போட்டுக்கலயா? முயற்சி பண்ணிப் பாக்கறதுல தப்பில்லன்னு என் கருத்து.

மருந்தக_அக்கா:
செல்வி, நான் அரசாங்க ஆஸ்பத்திரி பார்மசியில ரொம்ப வருசம் வேலை செஞ்சவ, கீமோ மருந்து கலக்குற ரூம்லயும் இருந்திருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல பெரியம்மா மருந்து. டாக்ஸோரூபிசின் பழைய கீமோ மருந்து, செக்கச்செவேல்னு இருக்கும், கேன்சர் செல்லுக்குள்ள போயி டிஎன்ஏ-ல உக்காந்து செல்லு பெருகாம தடுக்கும். பிரச்சன என்னன்னா அது இதயத் தசையையும் கெடுக்கும், அதனால ஒரு ஆளுக்கு வாழ்நாள்ல இவ்வளவுதான் குடுக்கலாம்னு கணக்கு இருக்கு. அதே மருந்த கொழுப்புல செஞ்ச சின்ன உருண்டைக்குள்ள அடைச்சு, வெளிய பாலிஎத்திலீன் கிளைக்கால்னு ஒரு பூச்சு குடுத்து செஞ்சதுதான் உங்க டாக்டர் எழுதினது. உருண்டை சைஸ் 100 நானோமீட்டர் கிட்ட, அதாவது ஒரு மில்லிமீட்டர பத்தாயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்கு. கொழுப்பு உருண்டை தானா உருவாகறத இங்கிலாந்துல அலெக் பாங்காம்னு ஒருத்தரு 1960-கள்ல கண்டுபிடிச்சாரு, அதுக்குள்ள மருந்து அடைக்கற வேலைய ஜெருசலேம்ல பேராசிரியர் பாரென்ஹோல்ஸ் குழு செஞ்சுது, 1995-ல அமெரிக்காவோட மருந்து அனுமதி அமைப்பு எஃப்டிஏ டாக்ஸில்ங்கற பேருல அனுமதி குடுத்துச்சு. நானோ மருந்துல முதல்ல அனுமதி வாங்கினது அதுதான். சினைப்பை கேன்சருக்கு 1999-ல சேத்தாங்க. 2012-ல அமெரிக்காவுல டாக்ஸில் தட்டுப்பாடு வந்தப்ப இந்தியாவுலேர்ந்து சன் பார்மா தயாரிச்ச லிப்போடாக்ஸ தற்காலிகமா இறக்குமதி பண்ணிக் குடுத்தாங்க, மறு வருசம் அதே கம்பெனி ஜெனரிக்குக்கு அங்க அனுமதியும் கெடச்சுது. அதனால பேரு வேறயா இருந்தா பயப்பட வேண்டாம்.

ஏன் இந்த அளவுல செய்யறாங்கன்னா, கேன்சர் கட்டி அவசர அவசரமா ரத்தக்குழாய் போட்டுக்கும், அந்தக் குழாய் செவுரு ஓட்டையும் ஒடசலுமா இருக்கும். நல்ல ரத்தக்குழாய்ல இந்த உருண்டை வெளிய போக முடியாது, கட்டில இருக்கற ஓட்டை வழியா கசிஞ்சு உள்ள போயி தங்கிரும். 1986-ல ஜப்பான்ல மாட்சுமுரா, மயேடா ரெண்டு பேரும் இத எழுதினாங்க. பூச்சு இருக்கறதால ஒடம்போட காவல் செல்லுங்க உடனே புடிச்சு முழுங்காது, ரத்தத்துல ரெண்டு மூணு நாள் சுத்தும். இதயக்குழாய் செவுரு கெட்டியா இருக்கறதால அங்க கசியறது கம்மி. டாக்டர் சொன்னது இதுதான். ஆனா புதுசா ஒரு தொந்தரவு வரும், உள்ளங்கை உள்ளங்கால்ல தோலு செவந்து எரிஞ்சு உரியும். முடி கொட்டறது, வாந்தி எல்லாம் பழைய மருந்த விட கம்மியா இருக்கும், இது கூடுதலா இருக்கும்.

இப்ப அம்மா. மூளைக்குப் போற ரத்தக்குழாய் வேற மாதிரி. அங்க செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இடைவெளி இல்லாம ஒட்டி இருக்கும், தோட்டத்து கேட்ல ஜாகா நின்னுக்கிட்டு தெரிஞ்ச லோரிய மட்டும் உள்ள விடற மாதிரி சர்க்கரைக்கு ஒரு வாசல், அமினோ அமிலத்துக்கு ஒரு வாசல், இரும்புச்சத்துக்கு ஒரு வாசல், மத்ததெல்லாம் வெளியதான். தப்பித் தவறி உள்ள நுழைஞ்ச மருந்தையும் பிடிச்சு வெளிய தள்ளற பம்ப்பு அந்தச் செல்லுலயே இருக்கு. சின்ன மூலக்கூறு மருந்துகள்லயே 98 சதவீதத்துக்கு மேல உள்ள போகாதுன்னு சொல்லுவாங்க. அம்மாவுக்குக் கொறயறது டோபமைன், ஆனா டோபமைன மாத்திரையா குடுத்தா மூளைக்குள்ள போகவே போகாது. அதனாலதான் லெவோடோபாவா குடுக்கறோம், அது அமினோ அமிலம் மாதிரியே இருக்கறதால அந்த வாசல் வழியா போயி உள்ள டோபமைனா மாறும். மடோபார்ல கூட இருக்கற பென்செராசைட், லெவோடோபா வழியிலயே மாறிப் போயிடாம காப்பாத்தும். பாத்தீங்களா, நானோ இல்லாமயே அம்மா மருந்து மூளைக்குப் போற வழி ஐம்பது வருசத்துக்கு முன்னயே கண்டுபிடிச்சாச்சு. டாக்டர் எதையும் ஒளிச்சு வைக்கல. அம்மாவுக்கு வேலை செய்யுதுன்னு நிரூபிச்சத குடுக்கறாரு.

ராஜா அண்ணே, கோவிட் ஊசில பைசர் ஊசி லிப்பிட் நானோ உருண்டைதான், சரிதான், சைனோவேக் அப்படி இல்ல. ஆனா அந்த உருண்டைய கையில ஊசியா போட்டோம், பல்லாயிரம் பேரு மேல சோதிச்சிட்டு போட்டோம். அதே வகை உருண்டைய நரம்புல ஏத்தினா பெரும்பாலும் ஈரலுக்குதான் போகும், 2018-ல வந்த பட்டிசிரான்ங்கற மருந்து அந்தக் குணத்த வச்சே ஈரலுக்குன்னு செஞ்சது. மூளைக்கு இல்ல. நாக்குக்கு அடில விட்ட சொட்டு நேரா மூளைக்குப் போகும்னு சொல்றவர் எந்த வாசல் வழியா போகுதுன்னு சொல்லணும்.

லிந்தாங்_ராஜா:
நீங்க படிச்சவங்க, சொன்னா கேட்டுக்கறேன் தங்கச்சி. ஆனா பாட்டில்ல ஏதோ நம்பர்லாம் போட்டிருந்துச்சே?

மருந்தக_அக்கா:
நல்ல கேள்விண்ணே. நம்ம மலேசியாவுல பதிவு பண்ணின மருந்துல எம்ஏஎல்னு ஆரம்பிச்சு எட்டு நம்பர், கடைசில ஒரு எழுத்து இருக்கும். ஏ-ன்னா கட்டுப்பாட்டு மருந்து, எக்ஸ்-னா கடையில வாங்கற சாதாரண மருந்து, டி-ன்னா பாரம்பரிய மருந்து, என்-னா சத்து மாத்திரை வகை. டி-யோ என்-னோ போட்டது கேன்சர குணப்படுத்தும்னு சோதிச்சு நிரூபிச்சதா அர்த்தமே இல்ல. எம்ஏஎல் நம்பரே இல்லாம வேற ஏதோ கம்பெனி பதிவு நம்பரு, ஐஎஸ்ஓ நம்பருன்னு போட்டிருந்தா அது மருந்துப் பதிவு இல்ல. அதோட 1956-ல போட்ட மருந்து விளம்பரச் சட்டம் இன்னும் இருக்கு, கேன்சர், வலிப்பு, பக்கவாதம், சர்க்கரை மாதிரி நோய்களுக்கு குணமாகும்னு பொதுமக்கள்கிட்ட விளம்பரம் பண்ணவே கூடாது. மண்டபத்துல மைக்கு வச்சு சொன்னது அந்தச் சட்டத்துக்கு எதிரா இருக்கு. செல்வி, பாட்டில தூக்கிப் போட்டுடாதீங்க, நாலு பக்கமும் படம் எடுத்து மாநில பார்மசி அமலாக்கப் பிரிவுல புகார் குடுங்க. வாங்கின மத்தவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

சிப்புட்_செல்வி:
அக்கா கோடி நன்றி. எம்ஏஎல் நம்பர் இல்ல, இப்பதான் பாத்தேன். புகார் குடுக்கறேன். அம்மா மாத்திரைல ஒரு சந்தேகம், காலைல பசியாறும்போது நாசி லெமாக்கும் முட்டையும் மைலோவும் சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டா அன்னிக்கு பத்து மணி வரைக்கும் நடுக்கம் அடங்கவே மாட்டேங்குது, அது ஏன்?

மருந்தக_அக்கா:
அதே வாசல்தான் காரணம்மா. முட்டை, பால், நெத்திலில இருக்கற புரதம் செரிச்சு அமினோ அமிலமாகும், குடல்லயும் சரி மூளை வாசல்லயும் சரி லெவோடோபாவோட போட்டி போடும், மருந்து வெளிய காத்துக்கிட்டு நிக்கும். மாத்திரைய சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்னாடி, இல்லன்னா சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வெறும் தண்ணியில குடுங்க. வெறும் வயித்துல குமட்டுச்சுன்னா புரதம் இல்லாத பிஸ்கட் ரெண்டு கூட குடுக்கலாம். ரத்தம் ஏற இரும்பு மாத்திரை சாப்பிட்டா அதுவும் கூடவே வேண்டாம், நேரம் தள்ளிக் குடுங்க. புரதத்த மொத்தமா நிறுத்திடாதீங்க, வயசான ஒடம்பு தளந்துரும். நேரத்த மாத்தறத டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு செய்யுங்க.

கங்காணி_வீட்டு_பையன்:
பார்கின்சன்ஸ்னு பாத்ததும் எழுதாம இருக்க முடியல. செல்வி உங்க அம்மா தோட்டத்துல களைக்கொல்லி மருந்து அடிக்கிற வேலை செஞ்சாங்களா? எங்க அம்மா செஞ்சாங்க. செம்பனை வட்டத்துல புல்லுக்கு அடிக்கற பராகுவாட், முதுகுல பம்பு, மூடி சரியா மூடாது, குனிஞ்சு நிமிந்தா நீலப்பச்சை தண்ணி முதுகுல வழிஞ்சு சட்டையோட ஒட்டிக்கும், வீட்டுக்கு வந்து வெரல் நகத்த காமிப்பாங்க, வெளுத்து வெடிச்சு பேந்து வரும். மூக்குல ரத்தம் வரும், தோட்டத்து கிளினிக் தெரசர் பனடோல் குடுத்து அனுப்பிருவாரு. கையுறை கேட்டா வெயில்ல கை வேகும் வேண்டாம்னு வேலை வாங்கற மண்டோர் சொல்லுவாராம். தெனகானிதாங்கற தொழிலாளர் உரிமை அமைப்பு இதுக்காக எவ்வளவோ போராடிச்சு, 2002-ல தடை பண்றேன்னாங்க, 2006-ல திரும்ப விட்டாங்க, 2020 ஜனவரிலதான் முழுசா தடை வந்துச்சு. பராகுவாட் பட்டவங்களுக்கு பார்கின்சன்ஸ் வர்ற வாய்ப்பு கூடன்னு பல ஆய்வு சொல்லுது, ஒவ்வொரு ஆளுக்கும் அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா எனக்கு வயிறு எரியறது இதுதான், வாழ்க்கை பூரா விஷத்த சுமந்த பொம்பளைங்ககிட்ட வந்து இப்ப 380 வெள்ளிக்கு தண்ணி பாட்டில விக்கறான்.

சிப்புட்_செல்வி:
ஆமாண்ணே, கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து மருந்து அடிச்சாங்க. நகம் விஷயம் அம்மாவும் சொல்லிருக்காங்க.

செர்டாங்_தம்பி:
நான் யூபிஎம் யுனிவர்சிட்டில படிக்கறேன், எங்க பக்கத்துலயே நானோ ஆராய்ச்சி நடக்குது. கேன்சர் பத்தி அக்கா சொன்னது ரொம்ப சரி, ஆனா ஒண்ணு சேத்து சொல்லணும், கட்டிக்குள்ள போகும்னு சொன்னாலும் போற அளவு நாம நினைக்கறத விட ரொம்பக் கம்மி. 2016-ல டொரோன்டோல வாரன் சான் குழு அதுக்கு முந்தின பத்து வருசத்துல வந்த ஆய்வு எல்லாத்தையும் தொகுத்துப் பாத்தாங்க, ஊசில ஏத்தின நானோ துகள்ல நடுக்கணக்கா 0.7 சதவீதம்தான் கட்டிக்குப் போய்ச் சேருது, அதுவும் பெரும்பாலும் எலில. மிச்சம் ஈரல், மண்ணீரல்லதான் போயி மாட்டும். இதப் பாத்துட்டு இந்தத் துறையே வேஸ்ட்னு சொன்னவங்களும் இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல. டாக்ஸில் மாதிரி மருந்தோட நல்லதே முக்கியமா கெட்டது குறையறதுலதான் இருக்கு. இன்னொரு உதாரணம் பாக்லிடாக்சல், அது தண்ணில கரையாது, பழைய மருந்துல விளக்கெண்ணெய் சம்பந்தப்பட்ட கிரெமஃபோர்னு ஒரு கரைப்பான் போடுவாங்க, அதுக்கே பல பேருக்கு ஒடம்பு அலர்ஜி ஆயிரும், முன்னாடியே ஸ்டீராய்டு குடுத்து மூணு மணி நேரம் ஏத்துவாங்க. அத ரத்தத்துல இருக்கற அல்புமின் புரதத்தோட சேத்து 130 நானோமீட்டர் துகளா செஞ்சு அப்ராக்ஸேன்னு 2005-ல மார்பகக் கேன்சருக்கு விட்டாங்க, கரைப்பான் இல்ல, அரை மணி நேரத்துல ஏத்தி முடிச்சிரலாம். 2013-ல கணையக் கேன்சருக்கும் வந்துச்சு.

நம்ம ஊரு விஷயம் ஒண்ணு சொல்றேன், எனக்கு ரொம்பப் புடிச்சது. நாம சாப்பிட்டுட்டு தூக்கிப் போடற கெராங் சிப்பி ஓடு இருக்கே, கோலா செபெத்தாங் பக்கம் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கும், அத கழுவி அரைச்சு நானோ அளவுக்கு கால்சியம் கார்பனேட் துகளா மாத்தி அதுல டாக்ஸோரூபிசின் ஏத்தற வேலை யூபிஎம்ல பல வருசமா நடக்குது. கட்டி இருக்கற எடம் கொஞ்சம் புளிப்பா, அமிலத்தன்மையோட இருக்கும், கால்சியம் கார்பனேட் புளிப்புல கரையும், அதனால அங்க போனாதான் மருந்த விடும்ங்கறது யோசனை. இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துலயும் விலங்குலயும் சோதிக்கற கட்டம்தான், ஆஸ்பத்திரில கேட்டா கெடைக்காது. யாராவது கெராங் ஓட்டுப் பொடி பாக்கெட் போட்டு வித்தா வாங்கிராதீங்க.

பத்துகாஜா_மணியம்:
என் மனைவிக்கு பெரியம்மாவுக்கு எழுதின அதே மருந்து போட்டாங்க, அதனால கை கால் எரிச்சல் பத்தி நான் சொல்றேன். நாலு வாரத்துக்கு ஒரு தடவை போட்டாங்க. மொதல் தடவை ஏத்த ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து முதுகு வலிக்குதுன்னா, மிசி (நர்ஸ்) ஓடி வந்து நிறுத்திட்டு கொஞ்சம் கழிச்சு மெதுவா ஏத்தினாங்க, அப்பறம் ஒண்ணும் ஆகல. பெரியம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, மூச்சு அடைக்கற மாதிரி, நெஞ்சு இறுக்கற மாதிரி இருந்தா பொறுத்துக்கக் கூடாது, உடனே சொல்லணும். ஒண்ணுக்கு செவப்பா வந்தா அது மருந்து கலரு, பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு சுடுதண்ணில குளிக்கக் கூடாது, சட்டி பானை சுடுதண்ணில கழுவக் கூடாது, துணி கசக்கிப் பிழியக் கூடாது, அம்மிக் குழவி பக்கமே போக விடாதீங்க, கையில எங்க அழுத்தம் விழுதோ அங்கதான் தோலு போகும். என் மனைவிக்கு வெளக்கமாறு புடிக்கற எடத்துல, கட்டை வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல மொதல்ல உரிஞ்சுது. இறுக்கமான செருப்பு வேண்டாம், மெத்துன்னு பருத்தி சாக்ஸ் போடுங்க, வாசனை இல்லாத கிரீம் மெதுவா தடவுங்க, தேய்க்கக் கூடாது. கொப்புளம் வந்தா அடுத்த தவணைக்குக் காத்திருக்காம போன் பண்ணுங்க, அளவ குறைப்பாங்க இல்ல ஒரு வாரம் தள்ளிப் போடுவாங்க. பொம்பளைங்க மருந்த நிறுத்திருவாங்களோன்னு பயந்து மறைப்பாங்க, எங்க வீட்டுல மறைச்சா.

காசு பிரச்சனன்னா ஆஸ்பத்திரி சமூகநலப் பிரிவுல கேளுங்க, சுகாதார அமைச்சோட மருத்துவ உதவி நிதி இருக்கு, மக்னாங்கற தேசிய புற்றுநோய் மன்றத்துலயும் கேக்கலாம், கேடபிள்யூஎஸ்பி சேமநிதிப் பணமும் பெரிய நோய்க்கு எடுக்கலாம். மொதல்லயே மனு போடுங்க, பேப்பர் வேலை நேரம் எடுக்கும்.

கோலகங்சார்_அண்ணன்:
என் தம்பிக்கு மூளைக்கட்டி, கிளியோபிளாஸ்டோமா. ஆபரேஷன் முடிஞ்சு ரேடியேஷனும் டெமோசோலோமைடுங்கற கீமோ மருந்தும் போகுது. கேன்சர் கட்டில ரத்தக்குழாய் ஓட்டையா இருக்கும்னு சொன்னீங்களே, அப்ப டாக்ஸில் இவனுக்குப் போகாதா?

மருந்தக_அக்கா:
தம்பி இப்ப எடுக்கற டெமோசோலோமைடே மூளை ரத்தக்குழாய்ல இருக்கற அந்தக் கதவ தாண்டிப் போகக்கூடிய சின்ன மூலக்கூறு, 2005-லேர்ந்து ரேடியேஷனோட சேத்து குடுக்கறதுதான் அடிப்படை சிகிச்சை. கட்டியோட நடுப்பகுதில குழாய் ஓட்டையாதான் இருக்கும், ஆனா கட்டியச் சுத்தி நல்ல மூளைக்குள்ள ஒண்ணு ஒண்ணா ஊடுருவிப் போன செல்லுங்க இருக்கற எடத்துல கதவு இன்னும் கெட்டியா மூடித்தான் இருக்கும், திரும்ப வர்றது அங்கேர்ந்துதான். டாக்ஸில சோதிச்சுப் பாத்தாங்க, பெருசா ஆயுள் கூடல. 1996-ல கிளியடெல்னு ஒரு வில்லை வந்துச்சு, ஆபரேஷன் பண்ணின குழியிலயே மருந்து வில்லைய வச்சு மூடிருவாங்க, கதவ சுத்திப் போற வழி. உங்க மனசுக்குத் தெம்பா ஏதாவது சொல்லணும்னு ஆசைதான், ஆனா இல்லாதத சொல்ல மாட்டேன். மூளைக்கட்டிக்கு நானோ மருந்துன்னு இப்போதைக்கு வழக்கமான சிகிச்சையா எதுவும் இல்ல.

செர்டாங்_தம்பி:
அண்ணே, நம்பிக்கையா நடக்கற வேலை ரெண்டு சொல்றேன். ஒண்ணு, ரத்தத்துல நுண்குமிழி ஏத்திட்டு வெளியேர்ந்து மூளைல குறிப்பிட்ட எடத்துக்கு அல்ட்ராசவுண்ட் குடுத்தா அந்தக் குமிழி அதிர்ந்து கதவு சில மணி நேரம் லேசா தெறக்கும், அப்பறம் தானா மூடிக்கும். 2015-ல டொரோன்டோ சன்னிபுரூக் ஆஸ்பத்திரில மூளைக்கட்டி நோயாளிக்கு கத்தி வைக்காம மொதல் தடவையா செஞ்சாங்க. ரெண்டாவது, இரும்பு போற வாசல்ல ஒட்டிக்கிட்டு உள்ள போற மாதிரி மருந்த செய்யறது, 2021-ல ஜப்பான்ல ஹன்டர்ங்கற அரிய பரம்பரை நோய்க்கு அப்படி ஒரு மருந்துக்கு அனுமதி குடுத்துட்டாங்க. அது நானோ துகள் இல்ல, ஆனா அதே வாசல் முறைய நானோ துகள் மேல ஒட்டிப் பாக்கற ஆராய்ச்சி நிறைய நடக்குது.

கோலகங்சார்_அண்ணன்:
அந்த மாதிரி சோதனைல தம்பிய சேக்க முடியுமா? எவ்வளவு செலவானாலும் நெலத்த வித்தாவது பாக்கறேன்.

செர்டாங்_தம்பி:
நெலத்த விக்காதீங்கண்ணே. முறையான மருத்துவச் சோதனைல சோதனை மருந்துக்கு நோயாளிகிட்ட காசு வாங்க மாட்டாங்க, யாராவது சோதனை மருந்துன்னு சொல்லி காசு கேட்டா அங்கேர்ந்து வந்துருங்க. நம்ம நாட்டுல நடக்கற சோதனைங்கள பத்தி கிளினிக்கல் ரிசர்ச் மலேசியாவுல கேக்கலாம், ஆனா மொதல்ல தம்பியோட கேன்சர் டாக்டர்கிட்டயே கேளுங்க, கட்டி எம்ஜிஎம்டி பரிசோதனை முடிவு என்னன்னும் கேட்டு எழுதி வச்சுக்கங்க, டெமோசோலோமைடு எவ்வளவு கேக்கும்ங்கறதுக்கு அது முக்கியம், எந்தச் சோதனைல சேத்தாலும் அத கேப்பாங்க. ஒப்புதல் பாரம் குடுத்தா அங்கயே கையெழுத்துப் போட வேண்டியதில்ல, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிக்கலாம், மலாய்ல புரியலன்னா தமிழ் தெரிஞ்ச மிசி யாரையாவது கூப்பிட்டு விளக்கச் சொல்லலாம், நடுவுல வேண்டாம்னாலும் விலகிக்கலாம்.

கோலகங்சார்_அண்ணன்:
சரி தம்பி. எம்ஜிஎம்டி, எழுதிக்கிட்டேன். திங்கக்கிழமை அப்பாயின்மென்ட் இருக்கு, கேட்டுட்டு வந்து இங்கயே போடறேன்.